எதுக்கு மேல போட்டனி?

2020 டிசம்பர். கம்பஸ் பூட்டு, வகுப்பெல்லாம் சூமில். அண்ணா தந்த பழைய லப்டொப்பில் வைஃபை அடிக்கடி விழும். அதில் லினக்ஸ் கேர்னல் 5.10.2 ஓடிக்கொண்டிருந்தது. 5.10.3 வந்ததும், இதிலாவது சரிவரும் என்று நினைத்தேன். முழு மூலநிரலையும் இறக்க 100 எம்பிக்கு மேல் வேணும். பட்ச் கோப்பு மிகச் சின்னன்.

போட்டேன். முதலே பிழை. பிறகு, இது ஏற்கெனவே போட்ட பட்ச் போலிருக்கு, தலைகீழாகப் போடவா என்று கேட்டது. வாசிக்காமலே ஓம் கொடுத்தேன். கேட்ட ஒவ்வொரு முறையும் ஓம்.

அண்ணாவுக்குக் கோல் எடுத்தேன்.

"எதுக்கு மேல போட்டனி?"

"5.10.2க்கு மேல."

"அந்தப் பட்ச் வெறும் 5.10க்கு எழுதினது. முதல் 5.10.2 பட்சைக் கழட்டோணும். நீ ஓம் ஓம் எண்டு பழைய திருத்தங்களையும் அழிச்சுப்போட்டாய்."

நல்லகாலம், 5.10 மூலநிரல் பொதி அழிக்காமல் இருந்தது. புதிதாக விரித்து, முதலில் ட்ரை ரன் ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை. பிறகுதான் உண்மையாகப் போட்டேன்.

கொம்பைல் ஓடிக்கொண்டிருக்க, குழு ஒப்படை நினைவுக்கு வந்தது. நண்பி முதல் வரைவில் செய்த திருத்தங்களை நான் மூன்றாம் வரைவில் அப்படியே ஒட்டியிருந்தேன். இடையில் அவள் எழுதிய இரண்டு பந்திகள் காணாமல் போயின. அவள் கோவித்தபோது, "நீ தந்ததைத்தானே போட்டனான்" என்று சண்டை பிடித்தேன். இரண்டு கிழமையாகக் கதைக்கவில்லை.

விடிய நாலு மணிக்கு மெசேஜ் போட்டேன்: "பிழை என்னிலதான். உன்ர இரண்டாவது வரைவு இருக்கா?"

வைஃபை இப்பவும் விழுது. அவள் அனுப்பிவிட்டாள்.