எனக்குக் குளிருது

வெள்ளவத்தைக்குக் கடல் பார்க்க வருகிறவர்கள் குறைவு. கடவுச்சீட்டு, வைத்தியம், கலியாணம், விசா, இந்த நாலில் ஒன்றுக்காகத்தான் வடக்குக் கிழக்குப் பெண்கள் அதிகமாக அங்கே வந்து இறங்குகிறோம். நானும் என் தங்கச்சியும் 2011இல் வந்து இறங்கியது டொச் மொழி படிக்க.

அவளுக்குக் கலியாணம் எழுதியாகிவிட்டது. மாப்பிள்ளை ஜேர்மனியில். ஆனால் 2007 ஓகஸ்ட் 28 முதல் அந்த நாட்டில் ஒரு சட்டம். கணவனிடமோ மனைவியிடமோ போய்ச் சேர விசா கேட்பவர், புறப்படுமுன்பே ஏ1 என்ற ஆரம்ப நிலை டொச்சில் சித்தியடைந்திருக்க வேண்டும். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் எல்லாம் சேர்த்து 100 புள்ளிக்கு 60 எடுக்க வேண்டும். கொழும்பில் அதற்கான இடம் கறுவாத்தோட்டத்துப் பக்கம் கிறகறி வீதியில் இருக்கும் கேத்தே நிறுவனம்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் அறை எடுத்தோம். ரயில் போகும்போது கட்டில் நடுங்கும். அறைக்காரம்மா முதலில் கேட்டது "எந்த ஊர்?", அடுத்தது "எத்தனை நாளைக்கு?", மூன்றாவது "பொலிஸ் பதிவுக்கு அடையாள அட்டைக் கொப்பி இருக்கோ?" அவவிலும் பிழையில்லை. 2007 யூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் இருந்த தமிழர்களைப் பொலிசார் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர், பெண்களும் அதில் இருந்தார்கள். அடுத்த நாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. நாங்கள் போனது நாலு வருடம் கழித்து. என்றாலும் அந்த ஒழுங்கைகளில் இரவில் கதவு தட்டினால் எல்லா அறையிலும் பேச்சு நின்றுவிடும்.

பக்கத்து ஒழுங்கையில் ஒரு தனியார் வகுப்பு. அங்கே தந்த கொப்பியில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் டொச். தமிழ் ஒரு எழுத்துக் கூட இல்லை. தங்கச்சி எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவள், பிறகு செட்டிகுளம் முகாம். ஆங்கிலம் அவளுக்கு ஏபிசி அளவுதான். நான் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்ல, அவள் அதை டொச்சோடு பொருத்திப் பாடமாக்குவாள். ஒரு மொழிக்குப் போக இன்னொரு மொழியின் முற்றத்தால் சுற்றிப் போன கதைதான்.

முதல் சோதனையில் 54 புள்ளி. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. காசு போனது ஒரு பக்கம், அவருக்கு ரெலிபோனில் என்னவென்று சொல்வது என்பது மறுபக்கம்.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் சைவக்காரரும் போவார்கள், நாங்களும் போனோம். கோட்டை, புறக்கோட்டை தாண்டி வெள்ளவத்தையிலிருந்து நகரத்தின் மறு அந்தம். மெழுகுதிரி கொளுத்திவிட்டு, கொட்டாஞ்சேனையில் சாந்த லூசியா பேராலயத்துப் பக்கம் இருந்த தெரிந்த ஒரு அன்ரி வீட்டுக்கு நடந்தோம். பல வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு வந்தவ. கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தா. ஆங்கிலத்தைப் பார்த்துத் தங்கச்சி தானாகக் கட்டிய வசனங்களும் அதில் இருந்தன. ஒன்று: "இஷ் பின் கால்ட்."

"பிள்ளை, குளிர் வந்தா வீட்டில என்ன சொல்லுவீர்?"

"எனக்குக் குளிருது."

"நான் குளிர் எண்டு சொல்லுவீரோ?"

"இல்லை."

"பிறகேன் டொச்சில அப்பிடிச் சொல்லுறீர்? இது கேட்டால், நான் நெஞ்சில ஈரமில்லாத ஆள் எண்டு விளங்கும். மிர் இஸ்ற் கால்ட் எண்டு சொல்லும். மிர் எண்டால் எனக்கு."

அவ்வளவுதான் விஷயம். ஆங்கிலக்காரன் 'நான் குளிர்' என்கிறான். டொச்சும் தமிழும் 'எனக்கு' என்கின்றன. தலையிடி என்றாலும் ஒன்று பிடித்திருக்கிறது என்றாலும் இந்த 'மிர்' வரும். வெக்கை என்பதையும் இப்படித்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தை அப்படியே மாற்றினால் வரும் பொருளை அன்ரி என் காதில் மட்டும் சொன்னா, நானும் இங்கே எழுதமாட்டேன். வயிறு நிறைந்தது என்பதை ஆங்கிலப்படி 'இஷ் பின் ஃபோல்' என்றால் வெறியில் இருக்கிறேன் என்று எடுத்துவிடுவார்களாம். 'இஷ் பின் சாற்' என்பதே சரி.

'பிற்றெ' என்ற சொல்லில் தங்கச்சி முன்பு சரியாகத் தடுமாறியிருந்தாள். தயவுசெய்து என்றும் அதுதான், கடைக்காரர் சாமானைத் தரும்போது சொல்லும் "இந்தாங்கோ"வும் அதுதான். நன்றிக்குப் பதிலான "பரவாயில்லை"யும் கேள்விக்குரலில் சொன்னால் "என்ன சொன்னனீங்கள்?" என்பதும் அதுவே. கொப்பியில் இவை நாலு வெவ்வேறு பக்கத்தில் கிடந்தன. அன்ரி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியும் வாங்கியும் பத்து நிமிடத்தில் பழக்கிவிட்டா.

ஆங்கிலத்தில் எல்லோருக்கும் 'யூ' ஒன்றுதான். டொச்சில் 'டூ', 'சீ' என்று இரண்டு. எங்களிடம் நீ, நீர், நீங்கள் என்று மூன்று இருக்கையில் இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கணவரை 'டூ' என்று கூப்பிட வேண்டும் என்றதும் தங்கச்சி வாயை மூடிக்கொண்டாள். அவரை அவள் நீங்கள் என்றுதான் சொல்வாள். "கடவுளையும் அங்க டூ எண்டுதான் கும்பிடுறவை" என்று அன்ரி சொன்ன பிறகே கொஞ்சம் இளகினாள்.

பேச்சுச் சோதனையில் தன்னை அறிமுகப்படுத்த வேண்டும். பெயர், வயது, நாடு, வசிக்கும் இடம், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு. எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்பதற்கு 'வோஹேர் கொம்மென் சீ', எங்கே வசிக்கிறீர்கள் என்பதற்கு 'வோ வோனென் சீ'. முதல் தடவை அவள் தடுமாறி நின்றது இந்த இடத்தில்தான் என்பதை அன்றைக்குத்தான் சொன்னாள். சொல் மறக்கவில்லையாம். ஊர் என்று கிளிநொச்சியைச் சொல்வதா, அங்கே வீடு இல்லையே, முகாமைச் சொல்வதா, வெள்ளவத்தை அறையைச் சொல்வதா என்று யோசித்தபடி நின்றிருக்கிறாள். பொலிசார் கேட்ட கேள்வியைப் போலவே இருந்ததாம்.

அன்ரி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சோதிக்கிறவை உம்மட கதையைக் கேக்கேல்லை, வசனம் சரியோ எண்டுதான் பாக்கினம். வாறது கிளிநொச்சி, இருக்கிறது வெள்ளவத்தை. ரெண்டும் உண்மைதானே" என்றா.

ஆறு செவ்வாய் அப்படிப் போனோம். இரண்டாம் தடவை 71 புள்ளி.

படிக்க முடியாமல் தவிக்கும் சகோதரிகள் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நோயாலோ உடற்குறையாலோ இயலாதவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே விலக்கு உண்டு. 2015 ஓகஸ்டிலிருந்து, தன் தனிப்பட்ட சூழ்நிலையால் படிப்பது இயலாது என்று காட்டக்கூடியவர்களும் விலக்குக் கேட்கலாம். வாயால் சொன்னால் போதாது. வகுப்புப் பற்றுச்சீட்டு, சோதனைப் பெறுபேறு, மருத்துவக் கடிதம் எதையும் எறியாமல் வைத்திருங்கள்.

அந்தக் கொப்பி தங்கச்சி போகும்போது அறையிலேயே நின்றுவிட்டது. ஆங்கிலப் பக்கம் முழுவதையும் வெட்டி, மேலே பென்சிலால் தமிழ் எழுதியிருந்தாள். அடுத்த அறைக்கு வந்த முல்லைத்தீவுப் பிள்ளை அதைக் கேட்டாள். போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு திருப்பித் தரச் சொன்னேன்.