பிரைஸீயிஸின் அழுகை

'இலியட்'டில் பிரைஸீயிஸ் ஒரே ஒரு தடவைதான் பேசுகிறாள். 19ஆம் காண்டத்தில், பட்ரோக்ளஸின் பிணத்தின் மீது விழுந்து. மூலத்தில் 14 வரி. ஆங்கில வழியாகவே ஹோமரிடம் போக முடிந்த எனக்கும் அது காவியத்தில் தாங்க முடியாத இடம். அகிலீஸ் அவள் புருஷனைக் கொன்றவன். சகோதரர் மூவரும் மாண்டாயிற்று. அந்த அகிலீஸுக்கே உன்னை மனைவியாக்குவேன் என்று தேற்றியவன் பட்ரோக்ளஸ். அவனுக்காக அழுகிறாள். சுற்றி நின்ற பெண்களும் அழுகிறார்கள். பட்ரோக்ளஸ் சாக்கு, ஒவ்வொருத்தியும் அழுதது தன் துக்கத்துக்கு என்று ஹோமர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். இழவு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது புரியும்.

பாட் பார்க்கரின் 'தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ்' (2018) இவளைப் பேச வைக்கிறது. முதல் உலகப் போரில் மனம் சிதைந்த சிப்பாய்களைப் பற்றி மூன்று நாவல்கள் எழுதிய பார்க்கருக்கு முகாம் தெரியும். எலிகள், கொள்ளைநோய், துணி வெளுப்பு, காயங்களின் நாற்றம் எல்லாம் அசல். ஆனால் பிரைஸீயிஸ் வாய் திறந்தால் நாம் எதிர்பார்க்கிற நியாயத்தையே பேசுகிறாள். மகனைக் கொன்றவன் கையை ப்ரியாம் முத்தமிடும்போது, கொன்றவர்களோடு படுக்க நேர்ந்த பெண்களை அவள் நினைக்கிறாள். சரியான பதில்தான், சரியாக இருப்பதுதான் எனக்கு இடைஞ்சல். ஹோமரின் அழுகையில் நன்றியும் அவமானமும் பிரிக்க முடியாமல் கிடந்தன. இங்கே யாரோ பிரித்து அடுக்கிவிட்டார்கள்.

கிறிஸ்டா வொல்ஃபின் 'கஸான்ட்ரா' (1983) இதைவிட ஒருதலைப்பட்சம். அகிலீஸ் அதில் வெறும் மிருகம். ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன். மைஸீனியின் சிங்கவாசலில் சாவுக்குக் காத்திருக்கிறவள் பழைய அநீதிக்கு நஷ்டஈடு கேட்கவில்லை. எழுதியவள் கிழக்கு ஜெர்மானியப் பெண். எல்லைக்கு இரு பக்கமும் அணு ஏவுகணைகள் தயாராகிக்கொண்டிருந்த சமயம். நாவலோடு சேர்ந்த உரைகளில் படைக்குறைப்பு பற்றிச் சொன்ன சில இடங்களை அந்நாட்டுத் தணிக்கை வெட்டியது. வெட்டிய இடங்களில் புள்ளிகளோடு புத்தகம் வந்தது. நம்பப்படாத தீர்க்கதரிசியின் கதைக்கு இப்படியும் ஒரு கதி.

பார்க்கரும் பிறகு மைஸீனிக்கு வந்து சேர்ந்தார். 'தி வாயேஜ் ஹோம்' (2024). கஸான்ட்ரா இருக்கிறாள், ஆனால் 'நான்' என்று கதை சொல்பவள் அவளுக்குப் பணிவிடை செய்யும் அடிமை ரிட்ஸா. பார்க்கரின் கை இங்கேதான் தடையில்லாமல் ஓடுகிறது என்று படுகிறது எனக்கு. ரிட்ஸாவுக்கு ஹோமரில் ஒரு வரிகூடக் கிடையாது.