மரத்தூளில் தெரியும் நோய்

மத்தியப் பிரதேசத்தின் திண்டோரிக் காடுகளில் சால மரங்களைக் கணக்கெடுக்கிறார்கள், வந்து பாருங்கள் என்று வனத்துறை நண்பர் கூப்பிட்டார். புழுவாக இருக்கும்போது மரத்தை உள்ளிருந்து தின்னும் வண்டு மறுபடி பெருகுகிறதா என்று தெரிந்துகொள்ளும் வேலை அது. முன்னால் நடந்தவர் அறுபது கடந்த ஒரு கோண்டுப் பெரியவர். நண்பர் அவரைக் ‘காகா’ என்று அழைத்தார். நானும் அப்படியே அழைத்தேன்.

காகா உச்சியை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் மரத்தின் அடியைத்தான் பார்த்தார். வேரோரம் குவிந்திருந்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தார். “மாவு மாதிரி இருந்தா புழு இன்னும் பட்டையோரம்தான் இருக்கு. இது நார்நாரா வருது. வைரத்துக்குள்ள போயிடுச்சு.” நண்பர்தான் எனக்குத் தமிழில் சொன்னார். சிவப்புச் சாயம் வைக்கச் சொல்லிவிட்டுக் காகா நகர்ந்தார்.

அடுத்த மரத்தில் பட்டை நெடுகக் குங்கிலியம் வழிந்து உறைந்திருந்தது. உச்சியில் இலைகள் பச்சையாக இருந்தன. சாயக்காரப் பையன் தூரிகையை எடுத்தான். காகா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “இது பொழைச்சுக்கும், விடு.” திடமான சால மரம், உள்ளே நுழையும் குஞ்சுப் புழுக்களைப் பிசினிலேயே மூழ்கடித்துவிடும். இலை, பிசின், தூள் இந்த மூன்றையும் வைத்துத்தான் வனத்துறை தாக்குண்ட மரங்களை ஒன்பது வகையாகப் பிரிக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் மரம் பழுப்பாகத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். வேரடித் தூளைப் பார்க்க ஆள்தான் நடக்க வேண்டும். ஜிபிஎஸ்ஸில் புள்ளி வைப்பதும் படிவம் நிரப்புவதும் நாள் முழுக்க நடந்தன. என் மனம் காகாவின் விரல்களிலேயே நின்றது.

1990களின் பிற்பாதியில் இந்த வட்டாரத்தை வண்டு சூறையாடியபோது அவர் இளைஞர். 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் தாக்குண்டன. 1920களிலும் மண்ட்லாப் பகுதி இதே அழிவைக் கண்டிருக்கிறது. திண்டோரி அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1998இல்தான். பருவமழை தொடங்கியதும் வண்டுகள் மரத்தைத் துளைத்து வெளியே வரும். அப்போது பச்சைச் சால மரத்தை வெட்டித் துண்டுகளாக்கி, முனைப் பட்டையைக் கோடரிப் பின்புறத்தால் நையப் புடைத்துப் பொறிக்கட்டையாகக் காட்டில் போடுவார்கள். கசியும் சாற்றின் வாசனைக்கு வண்டுகள் வந்து மொய்க்கும், குடித்துக் கிறங்கும். அவற்றைப் பொறுக்குவது காகா போன்றவர்களின் வேலை. தலையைக் கிள்ளித் தனியே சேர்த்துக் கொடுத்தால் எண்ணிக் கூலி. தப்பிய ஒரு பெட்டை நூற்றுக்கணக்கில் முட்டையிடும் என்பதால், அந்தச் சில வாரங்களில் கிள்ளிய ஒவ்வொரு தலையும் அடுத்த ஆண்டுக் காட்டைக் காத்தது.

அப்படிக் காத்தவருக்குப் போன பருவத்துக் கூலியில் பாதி இன்னும் வரவில்லை. ஏட்டில் கையெழுத்து இருக்கிறது. பணம் ஆள்பிடிக்கும் தரகரோடு நின்றுவிட்டது. கேட்டால் அடுத்த பருவத்துக்கு ஆள் வேண்டாம் என்பாராம். எனக்கு ரத்தம் கொதித்தது. நூறு வருடத்து மரத்துக்குப் பெரிய விலை வைக்கிறோம். அது சாகப்போகிறது என்று தூளைத் தொட்டே சொல்கிறவரின் கூலியில் மூன்றாவது ஆள் கைவைக்கிறான், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வண்டு யாருடைய கோப்புக்காகவும் காத்திராது. பொறிக்கட்டைக்கான பணம் ஆவணியில் வந்தால் வண்டு முட்டையிட்டு முடித்திருக்கும். காகாவிடம் வங்கிப் புத்தகம் இருக்கிறது. பாக்கிக் கூலியை நேரே அதில் போடட்டும். இந்தப் பருவத்துப் பணம் முதல் மழைக்கு முன்னால் காட்டுக்கு வரட்டும்.