கியர் நியூட்ரலில்தான் இருந்தது

டெக்சாஸில் இருக்கும் என் ஆச்சி (அக்கா) மகன் போன மாதம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். பஸ் அளவுக்கு ஒரு கேரவன். அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளேயே உண்டாம். அதன் வாலில் ஒரு ஜீப்பைப் பூட்டி இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்புகிறான். பெரிய வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டால் கடை கண்ணிக்குப் போய்வர அந்தச் சின்ன வண்டி. ஜீப்பின் நான்கு சக்கரமும் தரையில்தான் இருந்தன. கீழே எழுதியிருந்தான்: "அம்மான், காரைக்குடியிலேர்ந்து மதுரை வரைக்கும் அப்பச்சி காரைக் கட்டி இழுத்த ஆளாச்சே நீங்க. ஏதாவது யோசனை சொல்லுங்க."

விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு அன்று இராப் பலகாரம் இறங்கவில்லை.

அந்த மாதிரி வண்டியை அங்கே கேம்பர் என்றும் சொல்வார்கள். எங்கள் பக்கம் கேம்பர் என்றால் படுக்கை போட்ட வண்டி இல்லை. மஹிந்திரா பொலீரோ கேம்பர். முன்னால் இரண்டு வரிசை சீட்டு, பின்னால் திறந்த தொட்டி. என் பெயிண்டுக் கடைக்கு அதைவிடத் தோதான வண்டி கிடையாது. டின்களையும் ஏற்றலாம், பெயிண்டர்களையும் ஏற்றலாம். 2009இல் அதன் பின்னால்தான் அயித்தான் காரைக் கட்டினேன். அயித்தான் என்றால் ஆச்சியின் கணவர், போட்டோ அனுப்பியவனுக்கு அப்பச்சி.

அயித்தானுக்கு அந்த வருஷம் மணிவிழா. கானாடுகாத்தான் வீட்டில் வளவு நிறையக் கூட்டம். சென்னையிலிருந்து புதுக் காரில் வந்திருந்தார். சின்ன வண்டிதான், ஆனால் ஆட்டோமேட்டிக். கிளச் கிடையாது. அப்போது எங்கள் சொந்தத்தில் யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. விசேஷம் நடந்த நாலு நாளும் விருந்தாளிகளை ஏற்றி இறக்க, கோட்டையூர்ப் பக்கத்துப் பையன் ஒருவரை ஆக்டிங் டிரைவராகப் போட்டிருந்தோம். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். வண்டிக்குள் யார் செருப்பு மண்ணைக் கொட்டினாலும் ராத்திரி படுக்குமுன் துடைத்துவிட்டுத்தான் போவார்.

விசேஷம் முடிந்து மூன்றாம் நாள் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் மோட்டார் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. உள்ளூர் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பெட்ரோல் மேலே ஏறவில்லை, இதற்கு மதுரையில் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும் என்றார். அயித்தானுக்குச் சென்னையில் அவசர வேலை. "வண்டியை நீ பார்த்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு இராத்திரி ரயிலுக்குப் போய்விட்டார். ரெக்கவரி வண்டிக்குப் போன் போட்டேன். ஏழாயிரம் கேட்டார்கள்.

ஏழாயிரத்தை மிச்சம் பண்ணத்தான் கயிற்றை எடுத்தேன் என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். அது பாதி உண்மை. எனக்குத் தெரியாத சங்கதி என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மீதிப் பாதி அதுதான். எங்கள் அப்பச்சியின் அம்பாசிடர் நின்ற இடமெல்லாம் எனக்குத் தெரியும். அதைக் கட்டி இழுக்காத ரோடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. கயிற்றைக் கட்டு, நியூட்ரலில் போடு, போய்க்கொண்டே இரு. வண்டி என்றால் எனக்கு அம்பாசிடர்தான்.

கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போது டிரைவர் சொன்னார்: "அண்ணே, ஆட்டோமேட்டிக் வண்டியை இப்படி இழுக்கக் கூடாதும்பாங்க. உள்ள புக்கு இருக்கு. ஒரு தரம் பார்த்துருவமா?"

"புக்கைப் பார்த்தா வண்டி ஓட்டக் கத்துக்கிட்டோம்? நியூட்ரல்ல போட்டுட்டு உட்காரு."

உட்கார்ந்தார். சாவியை ஆனில் போட்டார், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்க. பிரேக்கை மிதித்து லீவரை நகர்த்தினார். நான் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தேன். N என்ற எழுத்தில் நின்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் பார்த்தேன்.

காரைக்குடியைத் தாண்டி, குன்றக்குடி, பிள்ளையார்பட்டிப் பிரிவு, திருப்பத்தூர், கீழவளவு, மேலூர், ஒத்தக்கடை, மதுரை. எண்பது கிலோமீட்டருக்கு மேல். முதல் பத்து கிலோமீட்டர் மெதுவாகப் போனேன். அப்புறம் பின்னால் ஒரு வண்டி இருப்பதே மறந்துவிட்டது. அறுபதில் போயிருக்கிறேன்.

இழுபடுகிற வண்டியில் உட்கார்வது என்னவென்று இழுக்கிறவனுக்குத் தெரியாது. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்குத் துணை இல்லை. இரண்டு, மூன்று மிதியில் பெடல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் ஆட்டுரலைச் சுற்றுகிற மாதிரிதான். கயிறு தொய்ந்தால் அடுத்த நொடி வெட்டி இழுக்கும். தொய்யவிடாமல் இருக்க, பின்னால் இருப்பவர் அந்தக் கல் பெடலில் காலை வைத்து அளவாக அமுக்கிக்கொண்டே வர வேண்டும். திருப்பத்தூருக்கு முன்னால் குறுக்கே ஆடுகள் வந்து நான் சடாரென்று நிறுத்தியபோது, கண்ணாடியில் அந்தக் கார் என் பம்பரை நோக்கி வருவதைப் பார்த்தேன். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, சீட்டை விட்டு எழும்பி, முழு உடம்பையும் பெடலில் ஏற்றி நின்றார். ஒரு ஜாண் இடைவெளியில் வண்டி நின்றது. மேலூரில் டீ குடித்தபோது அவர் கையில் கிளாஸ் ஆடியது. "என்னப்பா, பயந்துட்டியா?" என்று சிரித்தேன்.

அப்போது நடப்பில் இருந்த 1989ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகளைப் பின்னாளில் எடுத்துப் படித்தேன். பழுதான வண்டியைக் கட்டி இழுப்பதற்கு 24 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கூடாது. இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கயிறு மற்றவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பின்வண்டியின் முதுகில், இழுத்துச் செல்லப்படுகிறது என்று வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் எழுதியிருக்க வேண்டும், எழுத்து 75 மில்லிமீட்டராவது உயரம். இழுக்கப்படுகிற வண்டியின் டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் பலகை மாட்டவில்லை. கயிறு ஏழெட்டு மீட்டர் இருந்தது. அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துண்டைக் கட்டியதோடு சரி. அந்தத் துண்டை விட்டால், அந்த ஊர்வலத்தில் விதிப்படி இருந்தது ஒன்றே ஒன்று, பின்வண்டியில் லைசென்ஸோடு உட்கார்ந்திருந்த அந்த டிரைவர்.

கீழவளவைத் தாண்டும்போதே வாடை வந்தது. கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடிய காலம்; ஏதோ லாரியின் பிரேக் தீய்கிறது என்று நினைத்தேன். ஒர்க்‌ஷாப் வாசலில் கயிற்றை அவிழ்த்தபோது காருக்கு அடியில் சொட்டியது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் புதிதாக இருக்கும்போது ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி சிவப்பாக இருக்கும். தரையில் விழுந்தது கறுத்துப்போய், கருகிய வாடையோடு இருந்தது.

தலைமை மெக்கானிக் பெரியவர். குனிந்து விரலில் தொட்டு மோந்து பார்த்தார். சாதாரண கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் எண்ணெயில் முங்கியிருக்கும், சுற்றும்போது தானே வாரி இறைத்துக்கொள்ளும், அதைக் கட்டி இழுத்தால் பெரிய சேதம் இல்லை என்றார். ஆட்டோமேட்டிக்கில் எண்ணெயைப் பம்புதான் தள்ள வேண்டும், பம்பை இன்ஜின்தான் சுற்ற வேண்டும். இன்ஜின் நின்றிருக்க, சக்கரம் உருண்டால் உள்ளே பாகங்கள் காய்ந்துபோய்ச் சுற்றும். நியூட்ரலில் போட்டாலும் சக்கரத்தோடு சேர்ந்த பாகம் சுற்றத்தான் செய்யும். "கிரைண்டர்ல அரிசியும் போடாம தண்ணியும் விடாம கல்லை மட்டும் ஓட விட்டுட்டு, மதுரைக்கு வந்திருக்கீங்க" என்றார். முன்சக்கரம் இரண்டையும் தூக்கி நிறுத்தியாவது கொண்டுவந்திருக்க வேண்டுமாம். அது அந்தப் புக்கிலேயே இருந்தது.

அப்புறம் கேட்டார்: "நியூட்ரல்லதான் போட்டீங்களா?"

நான் சொன்ன பதில் இதுதான்: "அது பின்னால உட்கார்ந்திருந்தவருக்குத்தான் தெரியும்."

பொய் என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. எல்லாரும் டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். "நியூட்ரல்லதான் சார் இருந்துச்சு" என்று மெக்கானிக்கிடம் சொன்னார். கேட்டவர்கள் தலையை ஆட்டிய விதத்திலேயே யாரும் நம்பவில்லை என்று தெரிந்தது. நியூட்ரலில் இருந்தாலும் எரியும் என்று அந்தப் பெரியவர் சற்றுமுன் சொன்னதுகூட அந்த நிமிஷத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அயித்தானுக்குப் போன் செய்தேன். "பையன் கியரைச் சரியாக் கவனிக்கல போலிருக்கு" என்றேன். 'போலிருக்கு' மாதிரி வசதியான சொல் நம் பாஷையில் வேறு இல்லை. பழியும் போட்டாயிற்று, சத்தியமும் தப்பியது. பெட்ரோல் ஏறாததைச் சரிசெய்ய ஆன செலவு மூவாயிரத்துச் சொச்சம். கியர்பாக்ஸுக்கு எழுபதாயிரம். அயித்தான் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் கட்டினார். ஆச்சிதான் கொதித்துப்போனார். தெரியாதவனையெல்லாம் வண்டியில் ஏற்றினால் இப்படித்தான் என்று போன் பண்ணுகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

நகரத்தார் வீட்டு விசேஷங்களுக்கு ஆள் பிடிப்பதெல்லாம் வாய்ச்சொல்லில்தான். சமையலுக்கு யார், மேளத்துக்கு யார், வண்டிக்கு யார் என்று ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பெயர் போகும். நின்றாலும் அப்படியேதான் நிற்கும். அந்த வருஷம் தை முகூர்த்தங்களில் அவரை எங்கள் வட்டாரத்தில் ஒருவரும் கூப்பிடவில்லை. என் கடைக்கு வந்து, "அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா..." என்று ஆரம்பித்தார். கல்லாவில் இருந்தவன் எழுந்து, கொடவுனில் சரக்கு இறங்குகிறது என்று உள்ளே போய்விட்டேன். சரக்கு எதுவும் இறங்கவில்லை.

வண்டியை எரித்ததைவிட அந்தக் கொடவுனுக்குள் நின்ற பத்து நிமிஷம்தான் எனக்கு உறுத்தல். அரைகுறையாகத் தெரிந்து செய்தது மன்னிக்கக்கூடிய முட்டாள்தனம். இது தெரிந்தே செய்தது.

ஆச்சி மகனுக்கு மறுநாள் பதில் போட்டேன். முதலில் புக்கைப் படி என்றேன். அவன் ஏற்கெனவே படித்திருந்தான். அவன் ஜீப்பில் கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதற்கே நியூட்ரல் உண்டு. அதில் போட்டால் கியர்பாக்ஸ் சக்கரத்தோடு சம்பந்தமில்லாமல் கிடக்கும், ஆட்டோமேட்டிக் என்றாலும் கவலையில்லை. இரும்புச் சட்டம், காப்புச் சங்கிலி, பின்வண்டிக்குத் தனி பிரேக், விளக்குக்கு ஒயர், எல்லாம் பூட்டியிருக்கிறானாம். எல்லா வண்டியையும் அங்கேயும் அப்படி இழுக்க முடியாது. பேட்டரிக் கார்களில் பெரும்பாலானவற்றைச் சக்கரம் தரையில் பட இழுக்கவே கூடாது. தூக்கி ஏற்றித்தான் போக வேண்டும். எங்கள் ஊரிலும் இப்போது பேட்டரிக் கார்கள் வந்துவிட்டன. வீட்டில் கயிறு வைத்திருக்கிறவர்கள் கவனிக்க.

அவனிடம் மிச்சத்தையும் சொன்னேன். பிறகு அயித்தானுக்குப் போன் செய்தேன். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். எழுபதாயிரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

மறுநாள் காலையில் கோட்டையூருக்குப் போனேன். அவர் இப்போது பையன் இல்லை, காதோரம் நரைத்துவிட்டது. ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். காலை டிரிப் முடித்து வந்தவரை டீக்கடைக்குக் கூட்டிப் போய், மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன். டீயை ஆற்றிக் குடித்து முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"கியர் எதுல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்ணே. உங்களுக்கும் தெரியும். நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு என்ன பண்ண? அவங்களுக்குல்ல தெரியணும்."

டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

அவர் 'அவங்க' என்று சொன்னவர்கள் இதைப் படிப்பார்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை வீடுகளில் அந்தக் கியர்பாக்ஸ் கதையைக் கேட்டவர்களும் சொன்னவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அதை எரித்தது நான். வீட்டு விசேஷத்துக்கு ஆக்டிங் டிரைவர் வேண்டுமென்றால் என் கடைக்கு வாருங்கள், நம்பர் தருகிறேன். சனி, ஞாயிறு வருவார். பள்ளிக்கூட லீவில் எந்த நாளும் வருவார். ஆட்டோமேட்டிக்கும் நன்றாக ஓட்டுவார்.