கசிந்த அடைப்பாணி

2022ஆம் ஆண்டு யூன் மாதத்து இரவொன்றில், வடமராட்சிக் கிராமமொன்றிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பழைய வொக்ஸ்வாகன் கார் புறப்பட மறுத்தது. மனைவிக்கு இழுப்புக் கடுமையாகியிருந்தது. சாவியைத் திருப்பத் திருப்ப ஸ்ராட்டர் முனகிற்றேயன்றி இயந்திரம் உயிர்கொள்ளவில்லை. ஈற்றில் பற்றரியும் சோர்ந்தது. "இஞ்சேருங்கோ, உதை விட்டிட்டு ஓட்டோவைக் கூப்பிடுங்கோ" என்றார் அம்மையார், மூச்சுக்கு நடுவே. அயலவரின் முச்சக்கர வண்டியே அவரை வைத்தியசாலை சேர்த்தது.

அம்மையார் மூன்றாம் நாள் நலமாக வீடு திரும்பினார். ஆசிரியருக்கோ அந்த இரவு மனத்தைவிட்டு அகலவில்லை. இரண்டு இரவுகள் வரிசையிற் காத்துக்கிடந்து பெற்ற பெற்றோல் தாங்கியில் இருந்தது. இருந்தும் வண்டி ஏன் ஓடவில்லை?

கராச்சிலே "பிளக்" பழுது என்றார்கள். நான்கு பிளக்குகளும் மாற்றப்பட்டன. நம் நாட்டில் அச்சொல் தீப்பொறி தரும் பிளக்கையே குறிப்பதாகிவிட்டது. காபுரேற்றரிலும் ஓர் அடைப்பு உண்டென்பது எவர் நினைவிலும் எழுவதில்லை. பழுது உண்மையில் பிளக்கில்தான் இருந்தது, ஆனால் அந்தப் பிளக்கில் அல்ல.

இக்கார்களிற் பொருத்தப்படும் சொலெக்ஸ் காபுரேற்றரின் மிதவைக் கிண்ணத்தின் அடிப்பகுதியில், பக்கவாட்டாக, ஆறு பட்டைத் தலையுடைய அடைப்பாணியொன்று உண்டு. அதனைக் கழற்றினால் உள்ளே பிரதான ஜெற்றை அடையலாம். அடைப்பாணிக்கும் வார்ப்புக்கும் இடையே மெல்லிய நார் வொஷர் ஒன்று இருக்கும். அவ்விடத்திற் கசிவு ஏற்பட்டால், நிறுத்திவைத்த காரின் கிண்ணம் துளித்துளியாக வடிந்துவிடும். பெற்றோலை ஏற்றும் பம்பை இயக்குவது இயந்திரமே. ஆதலால் வெறுங்கிண்ணம் நிறையும்வரை ஸ்ராட்டர் நெடுநேரம் சுழன்றாக வேண்டும். மூப்படைந்த பற்றரிக்கு அத்தனை வலு ஏது? அதனினும் கொடியது, வடியும் பெற்றோல் சூடான இயந்திரத்தின்மீது, டைனமோவுக்கும் டிஸ்ரிபியூற்றருக்கும் அருகே விழுவது. அன்றிரவு வண்டி ஓடாததைவிட, தீப்பற்றாததே பெரிது எனலாம்.

காபுரேற்றரைக் கழற்றி மேசையில் வைத்த ஆசிரியர், கசிவு அடைப்பாணியிலா வார்ப்பின் வெடிப்பிலா என்று அறியத் தம் தொழிலின் எச்சமொன்றை நாடினார். வெண்கட்டியைத் தூளாக்கிக் கிண்ணத்தின் புறமெங்கும் தடவி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றினார். மண்ணெண்ணெய் நுண்ணிய இடுக்குகளிலும் ஊர்ந்து செல்லும். பெற்றோலைப்போல் உடனே ஆவியாகியும் விடாது. சிறிது நேரத்தில் அடைப்பாணியைச் சுற்றி மட்டும் ஈரவளையம் தோன்றிற்று. வார்ப்பு தப்பியிருந்தது.

நெல்லியடிக் கடைச்சற்காரர் ஆணியைக் கழற்றியபோது மரையிடையே மஞ்சள் நிறத்திற் காய்ந்த பசை உதிர்ந்தது.

"மாஸ்ரர், உது இவ்வளவு காலமும் சவர்க்காரத்திலையெல்லோ நிண்டது!"

ஆசிரியருக்குச் சிரிப்பும் நாணமும் ஒருங்கே வந்தன. அப்பசையை வைத்தவர் அவரே. 1990களில், பொருளாதாரத் தடையின்போது குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில், அழுக்கடைத்த ஜெற்றைத் துப்புரவாக்க அந்த ஆணியை அவர் எத்தனை முறை கழற்றினாரோ! மென்மையான வார்ப்பின் மரை தேய்ந்தது. சவர்க்காரம் பெற்றோலிற் கரையாது என்பதனால் அதனைப் பூசிச் சமாளித்தார். பின்னர் பெற்றோல் வந்தது, சவர்க்காரம் மறந்துபோயிற்று.

இறுக்கினால் மரை முற்றாக உரிந்துவிடும். சாதாரண இறப்பர் வளையமோ பெற்றோலில் ஊதிப் பெருக்கும். எனவே துளையைச் சற்றே பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதற்கேற்பப் பித்தளை ஆணியொன்று கடையப்பட்டது. வொஷர் அமரும் முகத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் விரித்த நுண்ணிய எமறித்தாளிலே தேய்த்து மட்டப்படுத்தினார்கள். உலோகத்தூள் ஒரு துணுக்கேனும் எஞ்சினால் ஜெற் அடைபடுமாகையால், துளைகள் யாவும் கழுவிக் காற்றூதப்பட்டன. கையால் திருகி, சாவியால் இலேசாக இறுக்கியதுடன் கடைச்சற்காரர் நிறுத்திக்கொண்டார். இன்னும் கொஞ்சம் இறுக்கும்படி ஆசிரியர் கேட்டார், அவர் இணங்கவில்லை.

மீண்டும் வெண்கட்டித்தூள், மண்ணெண்ணெய். இம்முறை இரவு முழுதும் வைக்கப்பட்டது. காலையில் தூள் உலர்ந்தபடியே வெளுத்திருந்தது.

மாலையில் காபுரேற்றர் பூட்டப்பட்டது. கிண்ணம் நிறையச் சற்று நேரம் பிடித்தது. மறுநாளோ முதற் திருப்பிலேயே இயந்திரம் இயங்கிற்று. கிளினிக்குக்குப் புறப்பட்டு வந்த அம்மையார் உடனே ஏறிவிடவில்லை. பின்பக்கம் போய்க் குனிந்து, மூச்சை இழுத்து மணந்து பார்த்தபின்னரே கதவைத் திறந்தார்.