மட்டையும் மேய்ப்பர் கோலும்

குருமடத்தில் மாலை விளையாட்டு வேளையில் நான் கைநழுவவிட்ட பந்துகளுக்குக் கணக்கில்லை. செபத்தில் குவியும் கைகள் பந்தைக் கண்டதும் ஏன் விரிகின்றனவோ என்று தோழர்கள் நகைப்பார்கள். பின்னாளில், இதே வகைக் கேலிக்கு ஆளான ஆங்கிலிக்கன் ஆயர் ஒருவரைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சற்றே ஆறுதல் உண்டாயிற்று. அவர் பெயர் டேவிட் ஷெப்பர்ட்.

1929இல் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்தவர் அவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணியின் தொடக்க ஆட்டக்காரராக 1950இல் மேற்கிந்தியத் தீவு அணியை எதிர்த்து 227 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வாண்டே டெஸ்ட் அணியிலும் இடம் கிடைத்தது. 1952இல் ஓவல் திடலில் நம் இந்திய அணிக்கு எதிராக எடுத்த 119 ஓட்டங்களே அவரது டெஸ்ட் வாழ்வின் உச்சம். 1954இல் இங்கிலாந்து அணிக்கு இருமுறை தலைமையும் தாங்கினார்.

ஆயினும், மாணவப் பருவத்தில் 1949இல் கேட்ட மறையுரை ஒன்று அவரது உள்ளத்தைத் தொட்டிருந்தது. 1955இல் ஆங்கிலிக்கன் சபையில் திருநிலை பெற்றார். மறு ஆண்டு அணி அவரை மீண்டும் அழைத்தது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 113 ஓட்டங்கள். குருப்பட்டம் பெற்று டெஸ்ட் ஆடிய முதல்வர் அவரே. 1957 முதல் இலண்டனின் கிழக்கே, கப்பல் துறைத் தொழிலாளர் வாழ்ந்த கேனிங் டவுனில் பணியாற்றினார். 1962இல் விடுப்புப் பெற்று ஆஸ்திரேலியா சென்று ஆடியதும், சதம் அடித்ததும், எளிய கேட்சுகளைத் தவறவிட்டுக் கேலிக்குள்ளானதும் இக்காலத்தில்தான்.

என்னைக் கவர்ந்தது அவர் எடுத்த சதங்கள் அன்று. ஆட மறுத்த ஆட்டம். 1960இல் வெள்ளையர் மட்டுமே அடங்கிய தென்னாப்பிரிக்க அணி வந்தபோது, அவர்களை எதிர்த்து ஆடமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். 1968இல், கலப்பின வீரர் பேசில் டி ஒலிவேராவைத் தென்னாப்பிரிக்கப் பயண அணியில் முதலில் சேர்க்காது விட்ட கிரிக்கெட் நிர்வாகத்தைக் கண்டித்து, எம்.சி.சி. உறுப்பினர் கூட்டத்தில் வாதாடினார். வாக்கெடுப்பில் தோற்றார். நெடுநாளைய நட்புகளிலும் விரிசல் விழுந்தது. திடலில் தோற்பது வேறு. நண்பர்கள் முகம் திருப்பிக்கொள்வது வேறு. அந்த வேதனையை எளிதாக எண்ணிவிடலாகாது.

1975இல் லிவர்பூல் ஆயரானார். கத்தோலிக்கரும் புரோட்டஸ்டாண்டினரும் தலைமுறை தலைமுறையாகப் பகைத்து, ஊர்வல நாள்களில் கல்லெறிந்துகொண்ட நகரம் அது. மறு ஆண்டு நம் கத்தோலிக்கப் பேராயராக டெரக் வொர்லாக் வந்து சேர்ந்தார். அடிக்கடி சந்திப்பது, இயன்றவரை யாவற்றையும் சேர்ந்தே செய்வது என்பது இருவரின் வழக்கமாயிற்று. 1981இல் டாக்ஸ்டெத் பகுதியில் கலவரம் மூண்டபோதும், வேலையின்மை நகரை வாட்டியபோதும் மக்கள் கேட்டது இருவரின் ஒரே குரலைத்தான். (கூப்பிடு தூரத்தில் இருக்கும் தென்னிந்தியத் திருச்சபைப் போதகரை நான் ஆண்டுக்கொரு முறை, கிறிஸ்துமஸ் கேக் கொடுக்கும்போது மட்டுமே சந்திக்கிறேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.)

இரு பேராலயங்களையும் இணைக்கும் தெருவுக்கு ஹோப் வீதி, அதாவது நம்பிக்கை வீதி என்று பெயர். ஆங்கிலிக்கன் பேராலயத்தை வரைந்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் ஒரு கத்தோலிக்கர் என்பது இன்னொரு விந்தை. 1982 மே 30, பெந்தக்கோஸ்துத் திருநாளன்று, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் முதலில் அப்பேராலயத்துள் நுழைந்தார். பின்பு அதே வீதி வழியாக நம் பேராலயம் சென்று திருப்பலி நிறைவேற்றினார்.

வொர்லாக் 1996இல் இறந்தார். மறு ஆண்டு ஓய்வு பெற்ற ஷெப்பர்ட், 2005 மார்ச் 5ஆம் நாள், தம் 76ஆம் பிறந்தநாளுக்கு முந்தின நாள், புற்றுநோயால் மறைந்தார். 2008இல் நம்பிக்கை வீதியில் இருவர்க்கும் வெண்கலத்தில் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். இரு கதவுகள் போன்ற அமைப்பு. ஒன்றில் ஷெப்பர்ட், மற்றதில் வொர்லாக். நடுவே இடைவெளி உண்டு. வழிப்போக்கர்கள் அதனூடே நடந்து போகலாம்.