வெண்புகை எழும் முன்

கல்லீரல் புற்றுக்கட்டிக்குள் ஊசியைச் செலுத்திச் சூட்டால் அழிக்கும் சிகிச்சையில் மருத்துவருக்குக் கண் அல்ட்ராசவுண்ட்தான். ரேடியோ அலை முறையில், நொடிக்கு 4 முதல் 5 லட்சம் சுழற்சி கொண்ட மாறுதிசை மின்னோட்டம் ஊசிமுனையிலிருந்து பாய்கிறது. திசுவிலுள்ள அயனிகள் முன்னும் பின்னும் அலைக்கழிந்து சூடேறுகின்றன. 60 டிகிரியைத் தாண்டினால் செல்கள் உடனே சாகும். 100 டிகிரியைத் தாண்டினால் ஊசியை ஒட்டிய சதை கருகி மின்சாரத்தைத் தடுக்கும். ஓரம் வேகாமல் நின்றுவிடும். அவசரப்படுபவருக்கு இது கைவராது.

ஊசியைத் திரையில் காண்பதுதான் முதல் பாடம். ஒலிக்கற்றை மெல்லிய தகடு போன்றது. அதை அனுப்பும் ஸ்கேன் புரோப் இம்மியளவு சாய்ந்தாலும் ஊசி மறைந்துபோகும். முனை தெரியாதபோது ஊசியை நகர்த்தக் கூடாது. இதற்கு விலக்கே இல்லை. கல்லீரலோ ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் போய்வருகிறது. "மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா, விட்றாதீங்க" என்று ஊசிக்கு முன்பே பலமுறை பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சூடு ஏறியதும் நுண்குமிழிகள் வெண்புகைபோலப் பரவிக் கட்டியை மூடுகின்றன. புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். அந்த வெண்மை வெந்த பகுதியின் எல்லை அல்ல. அதன் நிழலில் ஆழத்தில் உள்ளவை தெரியாமலும் போகும். ஆகவே ஒரே கட்டியில் பலமுறை ஊசி வைக்க வேண்டியிருந்தால், ஆழமான பகுதியில்தான் தொடங்க வேண்டும். எங்கே, எந்தக் கோணத்தில், எத்தனை முறை என்ற கணக்கெல்லாம் புகை எழும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கட்டியைச் சுற்றிலும் குறைந்தது 5 மில்லிமீட்டர் நல்ல திசுவும் வேக வேண்டும். 3 சென்டிமீட்டர் கட்டிக்கு 4 சென்டிமீட்டர் உருண்டை. கன அளவில் இரண்டு மடங்குக்கும் மேல். 3 சென்டிமீட்டருக்குள் உள்ள கட்டிகளில் இந்தச் சிகிச்சை நன்றாகப் பலிப்பதற்கு ஒரு காரணம் இதுதான். அருகில் 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான ரத்தக்குழாய் ஓடினால், ஓடும் ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். வாய்க்கால் தண்ணீரில் நிற்கும் காலுக்கு வெயில் உறைக்காததுபோல. மைக்ரோவேவ் அலையால் சுடும் முறையில் இந்தத் தொல்லை குறைவு. பெருங்குடல் ஒட்டியிருந்தால் இடையில் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நீரைச் செலுத்தி விலக்கிவைப்பார்கள். ரேடியோ அலை முறைக்கு உப்புநீர் உதவாது, அது மின்சாரத்தைக் கடத்தும்.

ஊசியை எடுக்கும்போதும் வந்த வழியைச் சுட்டுக்கொண்டே வெளியேற வேண்டும். ரத்தக்கசிவும், புற்றுச்செல்கள் வழியில் ஒட்டுவதும் அதனால் குறைகின்றன. முழுதாக வெந்ததா என்பதைச் சுமார் ஒரு மாதம் கழித்து எடுக்கும் கான்ட்ராஸ்ட் சி.டி. சொல்லும்.

வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளில் நடக்கும் சிகிச்சை இது, திருநள்ளாற்றுக்காரருக்கு நெடும்பயணம். ஆனால் கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடிக்கும் வேலை அங்கே நடப்பதில்லை, உள்ளூர் ஸ்கேன் அறையில் நடக்கிறது. மது, ஹெபடைடிஸ் பி வைரஸ், கொழுப்பு ஈரல் என எதனால் ஈரல் சுருங்கியிருந்தாலும் வலியோ வாட்டமோ காட்டாமல் கட்டி வளரலாம். திருநள்ளாற்றிலிருந்து காரைக்கால் 5 கிலோமீட்டர்தான். ஈரல் சுருக்கம் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றோடு போய் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள்.